‘இரு’ என்று சொன்ன செல்

போன ஞாயிறு அலோர் காஜா ஊர் மண்டபத்தில் மூளையைப் பற்றி ஒரு டாக்டர் பெண் பேசினார். குளுகுளுவென்று ஏர்கான் இருக்கிறதே, ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்றுதான் போனேன்... விட்டால்தானே!

“மூளையில ரெண்டு வகை செல் இருக்கு. ஒன்னு ‘போ’ன்னு தூண்டிவிடும். இன்னொன்னு ‘இரு’ன்னு அடக்கும்” என்றார்.

அடக்குவதற்கென்று ஒரு செல்லா? எதற்கு அந்த வில்லன்? கையைத் தூக்கிக் கேட்டேவிட்டேன்.

“வில்லன் இல்ல லா, ஆன்ட்டி! ‘போ’ மட்டும் இருந்தா எல்லா செல்லும் ஒரே நேரத்துல கத்தும். வலிப்புதான் வரும். இது மத்ததை அமைதியாக்கினாதான் ஒரு சேதி தெளிவா போய்ச் சேரும்.”

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் அங்கே இல்லை. லூபோக் சீனா பக்கம், ரப்பர் தோட்டத்துப் பால்மரங்களுக்கு நடுவே பனி மிதக்கும் ஒரு காலைக்குப் போய்விட்டேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். நானும் வீட்டுக்காரரும் ஒரே தோட்டத்தில் மரம் வெட்டினோம் - பட்டையைச் சீவிப் பால் இறக்கும் வேலை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடுமாம் - ஒரு பருக்கைச் சோறுகூட எங்கள் குடியிருப்பின் முள்வேலியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. கேட்டில் துப்பாக்கியோடு சோதனை. ஓடினால் சுடுவார்கள்.

அந்த உத்தரவுக்கு அன்றுதான் முதல் நாள். வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது... ஐயோ! வழக்கம்போல வீட்டுக்காரருடைய பால் வாளிக்குள் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டேனே! தூக்கக் கலக்கத்தில் கை தானாகச் செய்த வேலை. அவருக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் இரண்டே பேர்.

‘என்னங்க, வாளியில சோறு!’ - தொண்டைவரை வந்துவிட்டது. கால் அவரை நோக்கிப் பாயத் துடித்தது. ஆனால், ஏதோ ஒன்று என்னை இழுத்துப் பிடித்தது. பனிக்குள் அவர் முதுகையே பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம்? கனவு மாதிரி இருந்தது, நேரம் தெரியுமா என்ன?

அவர் தற்செயலாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். என் கண் போன இடத்தையும் பார்த்தார். புரிந்துவிட்டது. வாளியை மெதுவாகக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் தூக்கினார்.

“துவான், இதுல சோறு இருக்கு. மறந்து எடுத்தாந்துட்டோம்” என்று மலாயில் சொன்னார்.

காவலர் பொட்டலத்தைப் பிரித்துக் கிளறினார். சோற்றை மண்ணில் கொட்டினார். இன்னொரு தடவை என்றால் லாக்கப்தான் என்று அதட்டிவிட்டு, போகச் சொன்னார்.

மரத்தடிக்கு வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லவேள, வாய மூடிக்கிட்டு நின்ன புள்ள. நீ கத்தியிருந்தா நான் பயந்து ஓடியிருப்பேன்.”

அதற்கப்புறம் நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினோம்... அவரிடம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒரு நாள்தான்!