நெவில் ராட்ரே கத்தோலிக்கரான கதை

நாற்பது வருடம் கோவில் வாசலில் காத்துக் கிடந்த மனிதர் யார் என்று கேட்டால், எங்கள் கரும்பு ஊரில் சின்னக் குழந்தைகூட நெவில் ராட்ரேயைக் காட்டும். ஞாயிறு தவறாமல் மனைவி ரினாவை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். மாமரத்து நிழலில் வண்டியைப் போட்டுக்கொண்டு, பூசை முடியும்வரை பேப்பரில் மீன்பிடிப் பக்கத்தை வாசிப்பார். ரினா இத்தாலியக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். "உள்ள வந்தா கூரை இடிஞ்சா விழும்?" என்பாள். "விழுந்தாலும் விழும், எதுக்கு வம்பு?" என்பார் இவர்.

இரண்டு வருடத்துக்கு முன் ரினாவுக்கு முட்டியில் அறுவை நடந்தது. கோவில் படியேற முடியவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனவர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி தேறி, ரினா தோட்டத்தில் குத்துக்காலிட்டுக் களை பிடுங்கும் அளவுக்கு வந்த பிறகும் அவர் உள்ளேதான் வந்தார்.

"எனக்குத்தான் கால் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு என் கையப் பிடிக்கிற?"

"எனக்கு வழுக்குது" என்றார் நெவ்.

அப்புறம் ஒரு நாள் பங்குச் சாமியார் தியெனிடம் போய், தானும் சேர வேண்டும் என்று கேட்டேவிட்டார். தியென் வியட்நாமிலிருந்து வந்தவர், முப்பத்து நாலு வயது. நெவ்வுக்கு அறுபத்தேழு. புதன்தோறும் கோவில் கூடத்தில் ஞானோபதேசம் நடந்தது. ஈஸ்டருக்கு முந்தின இரவு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. ஞானத்தகப்பனாகப் பின்னால் நிற்க ரினா தன் அண்ணன் சில்வியோவைச் சொன்னாள். வேறு யாரைச் சொல்வாள்? நெவ் மட்டும் மென்று முழுங்கினார்.

அதற்குக் காரணம் இருந்தது. நெவ் ஆலையின் கரும்பு ரயில் ஓட்டியவர். எண்பத்தாறில் சில்வியோ அவருக்கு உதவியாள். தண்டவாளம் பிரியும் இடத்தில் லீவரைத் திருப்பி வைப்பது சில்வியோவின் வேலை. ஒரு நாள் சாயங்காலம் அவனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, அவசரத்தில் நெவ்வே லீவரைத் திருப்பினார். மறுபடி பழையபடி வைக்க மறந்தார். பின்னால் வந்த ரயில் தப்பான தடத்தில் நுழைந்தது. அங்கே தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றிக்கொண்டிருந்த ரஸ் என்ற இளைஞனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. விசாரணையில் "லீவரை யார் தொட்டாங்கன்னு நான் பாக்கல" என்றார் நெவ். லீவர் சில்வியோ பொறுப்பு என்பதால் பழி அவன்மேல் விழுந்தது, வேலையும் போயிற்று. அன்று மூடிய வாயை முப்பத்தெட்டு வருடம் நெவ் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், அதைப் பூசி மெழுக வேண்டாம்.

மாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை சாமியார் சொன்ன ஒரு விஷயம் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. பெரியவர்களாகி ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் பழைய பாவங்களைச் சொல்ல வேண்டியதில்லை. மனதார வருந்தினால் போதும், அந்தத் தண்ணீரோடு எல்லாம் போய்விடும்.

"எல்லாமேவா, ஃபாதர்?"

"எல்லாமேதான்."

"யார்கிட்டயும் வாயத் தொறக்க வேணாமா?"

"வேணாம், நெவ். நல்லா யோசிச்சுத்தான் கேக்குறீங்க" என்று சிரித்தார் சாமியார். நெவ் அன்றிரவு குழந்தைபோலத் தூங்கினார்.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தூரத்து டூவூம்பா ஊரிலிருந்து அக்கா எல்ஸ்பெத்தின் கடிதம் வந்தது. அக்கா வீடு மாற்றும்போது அம்மாவின் பெட்டியைக் கிண்டியிருக்கிறாள். உள்ளே ஒரு பழைய அட்டை. நெவ் பிறந்த மூன்றாம் நாளே, ஆஸ்பத்திரியில் வைத்து, பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபைப் போதகர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கும் போதகருக்கும் ஆகாது. அதனால் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் கொடுக்கச் சொல்லி, சாகிறவரை மறைத்துவிட்டாள். 'நீ எங்க ஆளுடா, எங்க ஓடினாலும் தப்ப முடியாது' என்று கேலியாக முடித்திருந்தாள் அக்கா.

வகுப்பில் உட்கார்ந்த நெவ்வுக்கு இது தெரியாதா? ஞானஸ்நானம் ஒரே முறைதான். ஏற்கெனவே பெற்றவன் சேர வேண்டுமானால் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். வாயால், ஒரு மனிதர் முன்னால். அட்டையைப் பின்கட்டு ஷெட்டில் தூண்டில் பெட்டிக்கு அடியில் சொருகினார். அக்கா தூரத்தில் இருக்கிறாள். ரினாவுக்குத் தெரியாது. யாரும் கேட்கப்போவதில்லை.

நாலு நாள் அந்த ஷெட் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே சாமியார் வீட்டுக்குப் போனார். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, யாரும் பயமுறுத்தவில்லை. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுக்க அந்த மனுஷனால் முடியவில்லை. அவ்வளவுதான். எங்களில் எத்தனை பேர் அதைச் செய்திருப்போம் என்று எனக்கு நிச்சயமில்லை.

சாமியார் அட்டையை இரண்டு தரம் வாசித்தார். "அப்போ தண்ணி கிடையாது, நெவ். ஞாயித்துக்கிழமை காலைப் பூசையில உங்களச் சேத்துக்கிறேன். அதுக்கு முன்னாடி..."

"தெரியும் ஃபாதர். இப்பவே சொல்லிடுறேன். வீட்டுக்குப் போனா மனசு மாறிடுவேன்."

சொன்னார். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சாமியார் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஆளு உயிரோட இருக்காரா?"

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பின்னாடி நிக்கப்போறதே அவர்தான்."

"மன்னிப்பு உங்களுக்கு இங்கயே கிடைக்குது. ஆனா அவரு பேரு இன்னும் கெட்டுத்தானே கிடக்கு, நெவ்?" என்றார் சாமியார். பிறகு கையை உயர்த்தி மன்னிப்பு வழங்கினார்.

சில்வியோ, தூண்மேல் நிற்கும் தன் வீட்டுக்குக் கீழே உட்கார்ந்து நண்டுக்கூண்டு பின்னிக்கொண்டிருந்தார். நெவ் நின்றபடியே சொன்னார். சில்வியோ கூண்டைக் கீழே வைத்தார்.

"நான் இல்லையா?" என்றார் சில்வியோ.

"நீ இல்ல. நான்."

"அந்த லீவரத் தொட்டேனா தொடலையான்னு எனக்கே ஞாபகம் இல்ல, நெவ். எல்லாரும் நீதான்னாங்க. சரி, நாந்தான்னு நம்பிட்டேன். மூணு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். ஒரு தரம் சொன்னா போதும்னாங்க, மனசு கேக்கல. நீ செஞ்ச பாவத்துக்கு நான் முட்டி போட்டு ஜெபமாலை சொல்லிருக்கேன்டா, கழுதை."

நெவ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"ரினாகிட்ட சொல்லு. ரஸ்கிட்டயும் போய்ச் சொல்லு. ஆலையில எழுதிக் குடு. என் பேரு அந்தக் காயிதத்துல இனி இருக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை வேற யாரையாவது..."

"வர்றேன்னு சொன்னேன்ல, வருவேன். உன்கிட்ட பேச மாட்டேன்."

நெவ் சொன்னதைக் கேட்ட ரினா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. ரஸ் முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார், அது அவர் உரிமை. ஆலை அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிக்கொண்ட இளம் பெண்ணுக்கு எண்பத்தாறில் என்ன நடந்தது என்பதே தெரியாது. ஆனாலும் முத்திரை போட்டு ஒரு நகல் கொடுத்தாள். அந்த நகலை நெவ் சில்வியோ வீட்டுத் தபால் பெட்டியில் போட்டார்.

ஈஸ்டர் காலை கோவில் நிரம்பி வழிந்தது. நெவ் கல்யாணக் கோட்டில் முன்னால் நின்றார், பொத்தான் பூட்ட முடியவில்லை. ரினா முதல் வரிசையில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சில்வியோ வந்தார், பின்னால் நின்றார், முறைப்படி வலது கையை நெவ்வின் தோளில் வைத்தார். சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசினார். நெவ் முதல் நன்மையாக அந்தச் சின்ன அப்பத்தை நாக்கில் வாங்கினார், அடுத்து சில்வியோ வாங்கினார்.

பூசை முடிந்து சனம் வாசலில் தேநீருக்கு நின்றபோது சில்வியோ நெவ்வின் பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நெவ், நாக்குல நன்மைய வைக்கும்போதெல்லாம் எனக்கு ரஸ்ஸோட கால்தான் கண்ணுக்கு முன்னாடி வரும். முப்பத்தெட்டு வருஷமா" என்றார். "இன்னைக்கு வரல."