மைலேஜ் போயிருமுங்க சார்

சித்திரை வெயிலில் மைசூரிலிருந்து மேல்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்காக வாடகைக் காரில் போனேன். ஓட்டுநர் தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொள்வார்.

பட்டுச் சட்டை முதுகில் ஒட்டத் தொடங்கியதும், “ஏசி போடுங்களேன்” என்றேன்.

“போட்டா மைலேஜ் போயிருமுங்க சார். ஜன்னலத் தெறந்துக்குங்க.”

“அப்ப குளிர்காலத்துல நல்ல மைலேஜ் கிடைக்குமா?”

“எங்கீங்க! இஞ்சின் சூடாகறதுக்கே பெட்ரோலக் குடிச்சிருமுங்க.”

நெடுஞ்சாலையில் வேகம் கூடியது. நானும் விடவில்லை. “இந்த வேகத்துல ஜன்னல் தெறந்திருந்தா காத்து வண்டியப் பின்னால இழுக்கும். அதுக்கும் பெட்ரோல் செலவுதான்” என்றேன்.

கண்ணாடியில் என்னை மரியாதையோடு பார்த்தார். “நெசந்தானுங்க” என்று நான்கு ஜன்னல்களையும் ஏற்றினார். குளிர்காற்றுக்காக முகத்தை நீட்டிக் காத்திருந்தேன். ஏசி வரவேயில்லை.

பாண்டவபுரம் தாண்டி, கைக்குழந்தையோடு ஒரு பெண் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றிருந்தாள். என்னிடம் கேட்டுவிட்டு, அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். குழந்தை லேசாகச் சிணுங்கியது. உடனே ஏசியை முழுவதும் திருகிவிட்டார்.

மலையடிவாரத்தில் அவர்கள் இறங்கியதும் ஏசியும் நின்றது.

“நானும் ஒரு தாய் பெத்த பிள்ளைதாங்க” என்றேன்.

“கொழந்தைக்கு வாய் தொறந்து கேக்கத் தெரியாதுங்க சார். உங்களுக்குத்தான் நல்லாப் பேச வருதே” என்றார்.

நான் என் பக்கத்து ஜன்னலை இறக்கிக்கொண்டேன்.