மைக் என்ர, கைதட்டு அவருக்கு

எரிச்சலெண்டால் சும்மா எரிச்சலில்லை. அந்த மனுசன் மைக்கைப் பிடிச்சால் எனக்கு வயிறு பத்தி எரியும். இத்தனைக்கும் மைக் என்ர. இஞ்ச டென்மார்க்கில, ஹேர்னிங்கில எங்கட ஆக்களின்ர கூட்டமெண்டால் பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டு எடுக்கிறது நான், கதிரை அடுக்கிறது நான், கோப்பி போடுறது என்ர மனிசி. அவர் கடைசியா வருவார், வேட்டியும் சால்வையுமா. வாயைத் திறந்தால் சனம் கையைத் தட்டும். நான் கதைச்சால் மைக் கூடக் கீச்சிடும்.

ஊரில சண்டை முடிஞ்சுதெண்டு டிவி சொன்ன கிழமை, மகள் குசினி மேசையில கிம்னாசியம் எண்ட உயர்பள்ளிப் பாடம் படிச்சுக்கொண்டிருந்தாள். பழைய கிரேக்கம். ஏதென்சில சனம் கூடிக் கை தூக்கித்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குமாம், போருக்குப் போறதைக் கூட. அதுக்குள்ள சிலபேர் மேடையேறி, சனத்துக்கு எதைக் கேக்க ஆசையோ அதையே உரத்துச் சொல்லி, எல்லாரையும் தங்கட பக்கம் இழுத்துப்போடுவினமாம். டெமகோக் எண்டு பேர். “இது எங்கட கூட்டத்தில மைக் பிடிக்கிற மாமாவெல்லே, அப்பா?” எண்டு டெனிஷில கேட்டாள். ஐயோ, எனக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கவேணும்! அளவுக்கு மிஞ்சி வளந்தவரை, உடைஞ்ச மண்சட்டி ஓட்டில பேரெழுதிப் பத்து வருசத்துக்கு ஊரைவிட்டே அனுப்பலாமாம். குசினியில இருந்த எங்கட மண்சட்டியை ஒருக்கால் திரும்பிப் பாத்தன்.

அந்தச் சொல்லை நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனன். மனிசியின்ர தம்பி வன்னிக்குள்ள. மாசக்கணக்கா ஒரு தகவலுமில்லை. மண்டபத்தில இருந்த முக்கால்வாசிப் பேருக்கும் அப்பிடி ஒராள் அங்க. நான் எழும்பிச் சொன்னன்: “முடிஞ்சுது. எங்களை நாங்களே ஏமாத்த வேண்டாம். ஆர் அகதிக் காம்பில இருக்கினம், ஆர் இல்லையெண்டு தேடத் தொடங்குவம்.” ஒரு கை தட்டேல்லை. பின்னால ஆரோ கூக்காட்டிச்சினம்.

அவர் வந்து என்ர தோளில கையைப் போட்டார். “அண்ணை பாவம், களைச்சுப்போனார். ஒரு தேத்தண்ணி குடுங்கோ.” சனம் சிரிச்சுது. பிறகு என்ர கையில இருந்த மைக்கை வாங்கினார். “டிவியில சொல்லுறதை நம்பாதேங்கோ! எங்கட பிள்ளையள் காட்டுக்குள்ள பத்திரமா இருக்கினம். வருவினம்!”

மண்டபம் அதிர்ந்துது. நான் சனத்தைப் பாக்கேல்லை, மனிசியைத்தான் பாத்தன். கோப்பி மேசைக்குப் பக்கத்தில நிண்டு, கண்ணீர் வழிய வழிய, கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டின நாளிலயிருந்து என்ர ஒரு கதைக்கும் அவள் அப்பிடித் தட்டினதில்லை. அவரைப் பாத்து அண்டைக்குப் பொறாமைப்பட்ட மாதிரி என்ர சீவியத்தில ஒருத்தரைப் பாத்தும் நான் பட்டதில்லை.

காருக்குள்ள ஏறினதும் வெடிச்சன். “அந்தாள் புளுகுதெண்டு உனக்குத் தெரியாதே?”

“ஓம், தெரியும்” எண்டாள். “நீங்கள் சொன்னதுதான் உண்மை. ஆனால் அவர் கதைச்சு முடிக்குமட்டும் என்ர தம்பி உயிரோட இருந்தான்.”