காரணம் சொல்ல முடிந்தவை மட்டும்

கடலூரில், கல்லூரி ஆசிரியர் பணிக்கான உளவியல் நெட் தகுதித் தேர்வு எழுதிவிட்டுச் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் அதே தேர்வை எழுதிய பெண் ஒருவர். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், கசங்காத பருத்திப் புடவை. எவ்வளவு மதிப்பெண் வரும் என்று இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் விடைக்கான காரணத்தை முணுமுணுப்பார். காரணம் வராவிட்டால் அந்தக் கேள்வியைச் சேர்க்க மாட்டார். நான் ஊகித்துப் போட்டதையும் சேர்த்துக்கொண்டேன்.

நினைவாற்றல் பற்றிய கேள்விக்கு இருவரும் ஒரே விடையைத்தான் போட்டிருந்தோம். அதையும் விட்டுவிட்டார்.

“அது சரிதான் மேடம். புக்குல பாத்துருக்கேன்” என்றேன்.

“சரியாவே இருக்கட்டும். நான் தெரியாமத்தான போட்டேன்? வந்தா வரட்டும். இப்பவே எப்படி சேத்துக்கறது?”

இதுவே கடைசித் தடவை என்று வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக முன்பே கூறியிருந்தார். அப்போது கணவர் போனில் அழைத்தார். மதிப்பெண்ணைக் கூட்டித்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

“பத்தாது போலங்க. அடுத்த தடவயும் எழுதறேன்” என்றார், குரல் இறங்காமல்.

சிதம்பரத்தில் இறங்கி, அண்ணாமலை நகருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார்.

முடிவு வந்தபோது, நான் போட்ட கணக்கைவிட மதிப்பெண் நிறையக் குறைந்திருந்தது. அவருக்கு எவ்வளவு வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.