ஆலம் பட்ட நீலம்

என் பிஎச்டி வைவா அன்னிக்குக் காலையில, வீட்டுல இருந்து கையோட கொண்டுவந்த டப்பாவை லேப்ல திறந்தேன். உள்ள இருந்த கண்ணாடித் துண்டுல நான் படிய வெச்சிருந்த நீலப் படலத்துக்கு நட்டநடுவுல, ஈரம் காயாம, செக்கச்செவேல்னு ஒரு பொட்டு.

பக்கத்துல அம்மா. "டப்பா மேல வெச்சா பலன் டப்பாவுக்குத்தானே போகும்? அதான் திறந்து உள்ள வெச்சேன்"னா, பெருமையா. திருக்காட்டுப்பள்ளியில வீட்டு வாசல்ல எனக்கு ஆலம் சுத்தி நெத்தியில பொட்டு வெச்சுட்டு, வைவாவைப் பார்க்கணும்னு என்கூடவே பஸ் ஏறி வந்திருந்தா. நான் செருப்பு மாட்டுற நேரத்துல இந்த வேலையும் நடந்திருக்கு.

ஆலத்துல என்ன இருக்கு? மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு ஒரு காரம்; அது பட்டா இந்த நீலம் செத்துப்போகும். பதறிப்போய்த் தண்ணி விட்டு அலசினேன். பொட்டு போச்சு. அது இருந்த இடத்துல நீலமும் இல்ல. துருப்பிடிச்ச தகரம் மாதிரி பழுப்பா ஒரு வட்டம்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே தெரியுமா?"ன்னு கத்திட்டேன். மின்சாரம் கடத்துற கண்ணாடியில என்கிட்ட அதுதான் கடைசித் துண்டு. அதுவும் புதுப் படலமாத்தான் இருக்கணும். இந்த நீலம் முதல்ல படியுறப்ப கரையாத வடிவத்துல இருக்கும். பொட்டாசியம் உப்புத் தண்ணியில வெச்சுக் கரண்ட்டை ஒரு பக்கமா விட்டா வெள்ளையாகும், திருப்பி விட்டா நீலமாகும். அந்த முதல் சுத்துலயே அது கரையுற வடிவமா மாறிடும். கரையுறதுன்னு பேருதான், கண்ணாடியை விட்டு எங்கேயும் போகாது. ஆனா முதல் சுத்து ஒரு படலத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வரும். அதை எக்ஸாமினர் கண்ணெதிர்ல காட்டுறதாச் சொல்லியிருந்தேன். என் இத்தனை வருஷ உழைப்பும் அதுலதான் நின்னுச்சு.

அம்மா முகம் வெளுத்துப்போச்சு.

வேற வழியில்லாம அதையே எடுத்துட்டுப் போனேன். ஹால்ல எல்லாரும் பார்க்கக் கரண்ட்டை விட்டேன். நீலம் மெல்ல வெளுத்து வெள்ளையாச்சு. பழுப்பு வட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு. "அதென்ன நடுவுல?"ன்னு கேட்டார் எக்ஸாமினர். காரம் பட்டா இந்த இரும்புச் சேர்மம் உடைஞ்சு துருவாயிடும், அப்புறம் எந்தக் கரண்ட்டாலயும் அதைத் திருப்ப முடியாதுன்னு சொன்னேன். "காரம் எப்படி வந்துச்சு?"ன்னார்.

கடைசி வரிசையில நாற்காலி நகர்ற சத்தம். நாலு பேர் முன்னாடி வாயே திறக்காத எங்கம்மா எழுந்து நிக்கிறா. "நாந்தாங்க வெச்சேன். ஆலத்துப் பொட்டு. அவ மேல தப்பில்லைங்க, அவளைப் பெயில் ஆக்கிடாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காலையில கண்ணாடியைப் பார்த்தப்பகூட நான் அப்படி அதிர்ந்துபோகல.

"உக்காருங்கம்மா. கேட்டதுக்கு உங்க பொண்ணு சரியாத்தான் பதில் சொல்லுது. மிச்சத்தையும் காட்டட்டும்"னார் அவர். நான் கரண்ட்டைத் திருப்பி விட்டேன். அம்மா உக்காரல. கண்ணாடியில நீலம் திரும்பி வர்ற வரைக்கும் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேதான் இருந்தா.