வீட்டிலிருந்து எரிமலைக்கு

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் ஒரு அட்டை தந்தாள். கரீபியன் கடலில் ஒரு எரிமலைத் தீவு; எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனி வழிகாட்டி; முழுநாள் சுற்றுலா. எல்லாம் டேனிஷில் அச்சடித்திருந்தது. கீழே வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, பக்கத்தில் 'யெம்மஃப்ரா' என்று ஒரு சொல். 'வீட்டிலிருந்து' என்று அதற்குப் பொருள். நடந்த கூத்துக்கெல்லாம் அந்தச் சொல்தான் காரணம். பழியில் பாதியைத் தமிழின்மேல் போடுகிறேன், மீதியை என் மனிசன்மேல்.

"வீட்டில இருந்து ஏத்திக்கொண்டு போறாங்கள். இதுதான் பிரைவேட் எண்டுறது," என்றார் அவர்.

அவர் இருபத்தைந்து வருடம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். டேனிஷ் கடிதம் எது வந்தாலும் உரத்து வாசிப்பார். உரத்து வாசித்தால் விளங்கிவிட்டது என்று நினைப்பவர். நான் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மாத்திரை, மலச்சிக்கல், துவாய், மரணம் எல்லாவற்றுக்கும் எனக்கு டேனிஷ் வரும், சுற்றுலாவுக்கு வராது. அதனால் ஓகூஸ் நகரில் ஆஸ்பத்திரி வேலையில் நின்ற மகளுக்கு கோல் எடுத்தேன். தமிழில் கேட்டால் எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிறவள், அன்றைக்கென்று அன்பு கூடித் தமிழில் சொன்னாள்.

"ஒண்டும் தேவையில்லை அம்மா. வீட்டில இருந்துதான்."

"அப்ப பெட்டி?"

"பெட்டியா?" என்று சிரித்தாள். "டேப்லட் இருந்தாக் காணும்."

வீட்டில் இருந்தபடியே என்று அவள் சொன்னாள். வீட்டிலிருந்து புறப்பட்டு என்று நான் கேட்டேன். டிக்கெட் எல்லாம் இப்போது டேப்லட்டுக்குள்தான் வரும் என்று மனிசன் எனக்கு விளக்கம் சொன்னார். போக வர என்று கணக்குப் பார்த்து, வியாழன் முதல் திங்கள்வரை லீவு எடுத்தேன்.

எனக்கு அந்தத் தீவு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். முப்பது வருடத்தில் நான் போகாத நாடில்லை என்று சனம் சொல்லும். லண்டனுக்குப் போனது கலியாணத்துக்கு. பாரிசுக்குப் போனது ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு. ஜெர்மனிக்கு மூன்று தரமும் செத்தவீட்டுக்கு. எங்கே போனாலும் விரித்த சோபாவில் படுத்து, யாரோ ஒருவருடைய குசினியில் வெங்காயம் உரித்துவிட்டு வந்திருக்கிறேன். எங்கே போனாலும் ஒருவர் பக்கத்தில் வந்து குந்தி, "நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்பார். சொன்னால் ஆரின் மகள் என்பார். அதையும் சொன்னால், என் சித்தப்பா ஆரோடு ஓடினவர் என்பதுவரை வந்து நிற்பார். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்காத ஓர் இடத்தில் ஒரே ஒரு நாள் நிற்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அந்த அட்டையை வேலை உடுப்பின் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மனிசனுக்கோ போவதைவிடப் போகிறோம் என்று சொல்வதில்தான் சந்தோசம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில் சாமியாரிடம் ஒரு துண்டு கொடுத்துவிட்டார். "தூர தேசத்துக்குப் பயணமாகும் தம்பதியினருக்காக மன்றாடுவோம்," என்று சாமியார் வாசிக்க, எங்கள் சில்க்போர்க் பட்டினத்துத் தமிழ்ச் சனம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தபடி மன்றாடியது. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஆளாளுக்கு வந்து கைகொடுத்தார்கள். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருத்தியும் வந்தாள். ஊர்ப் புதினம் எதுவும் அவளைத் தாண்டிப் போகாது.

"அக்கா, எரிமலைக் கல்லு ஒண்டு கொண்டு வாங்கோ. குதிக்கால் வெடிப்புக்கு நல்லதாம்."

ஓம் என்றேன். அவளிடமே வீட்டுத் திறப்பையும் கொடுத்தேன். என் கறிவேப்பிலைக் கன்று பதினொரு டேனிஷ் பனிக்காலம் தாண்டி வந்தது. அதற்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும். அவள் வாயை நம்பமுடியாவிட்டாலும் கையை நம்பலாம்.

வியாழன் வந்தது. வெளியே பனி கொட்டுகிறது. ஒன்றரை மணிக்கே குளிர்க்கோட்டுப் போட்டு, பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு நின்றோம். அவர் கோட்டுக்குமேல் வைக்கோல் தொப்பி வேறு. கார் கிடந்தால் கள்ளர் கண்வைப்பார்கள் என்று அதைக் கூட்டாளி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். சரியாக இரண்டு மணிக்கு டேப்லட் அடித்தது. மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரு பெண் தெரிந்தாள். ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னாள். என் மனிசன் யன்னலுக்கு ஓடினார்.

"நாங்கள் வாசல்லதான் நிக்கிறம்," என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். "நீங்கள் எங்க நிக்கிறியள்?"

எரிமலை அடிவாரத்தில் என்றாள் அவள்.

"அது சரி. வாகனம் எங்க நிக்குது?"

வாகனமும் அடிவாரத்தில்தான் என்றாள். அவர் கதவைத் திறந்து, டேப்லட்டைத் தூக்கி எங்கள் தெருவை அவளுக்குக் காட்டினார், அடையாளம் பிடித்து வரட்டும் என்று. எவ்வளவு அழகான பனி என்றாள் அவள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்குப் பின்னால் பெய்தது மழை. வாழையிலையில் சொட்டியது.

அவள் மன்னிப்புக் கேட்டாள். மலை முகிலுக்குள் மறைந்துவிட்டதாம். சனிக்கிழமை இதே நேரம் தன் போனோடு ஏறி, எங்களுக்கு எல்லாவற்றையும் நேரே காட்டுவாளாம். நாங்கள் சோபாவில் வசதியாக இருந்து பார்த்தால் போதுமாம். படம் அணைந்தது. நான் பெட்டியின்மேல் குந்தி அழுதேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பிளை, குளிர்க்கோட்டோடு, சொந்த வீட்டு வாசலில்.

"பிள்ளை விளங்கச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"அவள் சொன்னவள். நீங்கள்தான் பூசையில சொல்லுவிச்சனீங்கள்."

அந்தப் 'பூசை' என்ற சொல்லோடு அவர் முகம் வெளிறியது. தொப்பியைக் கழற்றினார்.

"சனம் முழங்காலில நிண்டு மன்றாடிப்போட்டுது. இனிப் போகேல்லை எண்டு எந்த முகத்தோட சொல்லுறது? இஞ்ச பாரும், நாங்கள் போயிட்டம்."

"எங்க?"

"தீவுக்கு. திங்கக்கிழமை வருவம்."

பொய் சொல்லமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பொய் சொல்லத் தேவையில்லை, வெளியே போகாவிட்டால் போதும் என்றார். பெட்டிகளைப் படுக்கையறைக்குள் தள்ளி, திரைச்சீலைகளை இழுத்து மூடினார். தெருப்பக்கத்து விளக்குகளுக்குத் தடை. போன்களுக்குத் தடை. சமையலில்தான் என் உயிரை எடுத்தார்: தாளிக்கக்கூடாது. கடுகும் கறிவேப்பிலையும் வெடித்தால் மணம் தெருவுக்குப் போய் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். பாணும் சீஸும் ரின்மீனும் தின்றுகொண்டு, சொந்த வீட்டுக்குள் கால்நுனியில் நடந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது. கறிவேப்பிலைக்குத் தண்ணீர்! கன்றையும் அவளையும் இரண்டு பேரும் அடியோடு மறந்துவிட்டோம். குளியலறைக்குள் பாய்ந்து ஷவர் திரைக்குப் பின்னால் ஒட்டி நின்றோம். கன்றுக்குத் தண்ணீர் விட இரண்டு நிமிடம் காணும். அவள் அரை மணி நேரம் நின்றாள். போனில் யாரோடோ கதைத்துக்கொண்டே குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"பாலை வைச்சிட்டுப் போயிட்டா. பழுதாப்போம், நான் கொண்டுபோறன்... ஓம், இப்ப எரிமலையில நிப்பினம்... சீ, எனக்கென்ன எரிச்சல்? பாவம், முப்பது வருசமாச் செத்தவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் ஓடித்திரிஞ்ச மனிசி. ஒருக்காவாவது நிம்மதியா இருந்திட்டு வரட்டும்."

திரைக்குப் பின்னால் நான் மனிசனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவள் என்னைப்பற்றி இப்படிக் கதைப்பாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மனம் குத்தியது. பால் போன ஆத்திரமும் இருந்தது, திங்கள்வரைக்கும் வெறுந்தேத்தண்ணி. அவள் போனதும் மனிசன் ஓடிப்போய்க் கதவுச் சங்கிலியைக் கொழுவினார்.

அதற்குப் பிறகுதான் ஒரு விசித்திரம் நடந்தது. வீடு அமைதியாக இருந்தது. ஒருவரும் கோல் எடுக்கவில்லை. ஒருவரும் வரவில்லை, ஒருவரும் எதையும் கேட்கவில்லை. நாங்கள்தான் ஊரில் இல்லையே. தாளிக்கத் தடை என்பதால் எனக்குக் குசினியில் வேலையும் இல்லை. பின்னேரம் முழுக்க அவரோடு காட்ஸ் விளையாடினேன். அவர் சீட்டை ஒளித்து அளாப்பினார், பிடித்தேன், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு முகில் விலகி மலை வெளித்திருந்தது. ஹீற்றரை முழுக்க ஏற்றிவிட்டு, தொப்பியும் பூப்போட்ட சட்டையுமாக அவர் சோபாவில் இருந்தார். அந்தப் பெண் போனைப் பிடித்தபடி மலை ஏறினாள். சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் வானமலை என்று பெரிய பெயர் வைத்த ஒரு மேடு இருக்கிறது. அதற்குமேல் ஒன்றையும் நான் ஏறியதில்லை. இது நிமிர்ந்து நின்ற மலை. பிரைவேட் என்றால் நாங்கள் சொல்கிறபடி நடப்பாள் என்று கண்டதும் மனிசனுக்குத் தலை கால் தெரியவில்லை. இடப்பக்கம் போகச் சொன்னார். வலப்பக்கம் போகச் சொன்னார். ஓரிடத்தில் ஓடச் சொன்னார். நான் அவர் கையில் அடித்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்குது. நாங்கள் முறுக்குத் தின்னுறம்."

களைப்பாறச் சொன்னேன். அவள் நன்றி சொல்லி ஒரு கல்லில் குந்தினாள். போன் மடியில் சரிந்து, பத்து நிமிடம் எங்களுக்குப் புல்லு மட்டும் தெரிந்தது. அதில் ஒரு சின்ன எறும்பு ஏறி இறங்கியது. அந்தத் தீவில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். சுற்றுலாக் காசு வீணாகுது என்று மனிசன் புறுபுறுத்தார்.

வெந்நீர் ஊற்றுக்கு வந்ததும் அவள் காலை விட்டாள். நாங்களும் உடுப்புத் தோய்க்கிற பேசினில் சுடுதண்ணி ஊற்றிக் காலை விட்டோம். அழுகின முட்டை மணம் வருகிறது, கந்தகம் என்றாள். மனிசன் ஈரக்காலோடு எழும்பிப் போய் நாலு முட்டை அவித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது.

"இதுதான் நான் கேட்ட இடம்," என்றேன்.

"எது, அந்த ஊற்றோ?"

"இல்லை. இது."

அவருக்கு விளங்கியதா தெரியாது. முட்டையை உரித்து என் கையில் தந்தார்.

எங்களுக்கு மாலையான நேரம் அவள் பட்டினத்துக்கு இறங்கி வந்தாள். எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவள், கடைசியாக உங்களுக்கு ஒரு பரிசு என்றாள். இங்கே ஒரு கடையில் உங்களைப்போலவே கதைக்கிறவர் ஒருவர் இருக்கிறாராம். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். அவள் சந்தோசமாகத் தலையாட்டிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். படத்தில் ஒரு மொட்டைத்தலை வந்தது. அது எங்களை உற்றுப் பார்த்தது.

"தமிழோ? நீங்கள் ஊரில எவடம்?"

நான் தலையில் கையை வைத்தேன். என் மனிசனோ இரண்டு நாளாக வாய் மூடிக் கிடந்தவர், மடை உடைந்தது. ஊரைச் சொன்னார். கோயிலைச் சொன்னார். ஒழுங்கையையும் சொன்னார். சில்க்போர்க்கையும் சொல்லிவிட்டார்.

"சில்க்போர்க்கோ! என்ர மச்சாள் அங்கதான் இருக்கிறா!" என்று அந்த மனிதர் தன் போனை எடுத்தார். "மச்சாள், உங்கட ஊர் ஆக்கள் ரெண்டுபேர் இஞ்ச என்னோட வீடியோவில நிக்கினம். வீட்டில இருந்து தீவு பாக்கினமாம்."

இந்த முறை அந்தச் சொல்லை ஒருவரும் பிழையாக விளங்கவில்லை.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது. கதவு நாலு விரல் திறந்து சங்கிலியில் இடித்து நின்றது. மனிசன் குளியலறைக்கு ஓடிவிட்டார். நான் ஈரக்காலோடு வாசல் நடைக்குப் போனேன். கதவு இடுக்கில் அவளுடைய கம்பளித் தொப்பியும், ஒரு கண்ணும், என் பால் பெட்டியும் தெரிந்தன.

"அக்கா? உள்ளயோ நிக்கிறியள்?"

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சங்கிலியில் கையும் வைத்துவிட்டேன். பிறகு எனக்கு அந்த எறும்பு ஞாபகம் வந்தது. இன்னும் ஞாயிறு முழுக்க இருக்கிறது.

"இல்லை," என்றேன். "நாங்கள் திங்கக்கிழமைதான் வாறம்."

அந்த ஒற்றைக் கண் என் முகத்தைப் பார்த்தது, பேசினில் ஊறிச் சிவந்த காலைப் பார்த்தது, திரும்ப முகத்துக்கு வந்தது. பால் பெட்டியை மெல்ல இடுக்கால் உள்ளே தள்ளினாள்.

"ஓம் அக்கா," என்றாள். "சந்தோசமா நிண்டுட்டு வாங்கோ. நான் ஒருதருக்கும் சொல்லமாட்டன்."

கதவைச் சாத்தினாள். திறப்பு ஒருமுறை திரும்பியது. பிறகு வெளியே, பனிக்குள் நின்று, அவளுடைய குரல் கேட்டது.

"கல்லை மறந்திடாதேங்கோ."