ஆயுத பூஜைத் தண்ணீர்

லாரிகளுக்கும் பஸ்களுக்கும் சேஸிஸ் கட்டுகிற தொழிற்சாலையில் எனக்குச் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை. ஒத்தக்கடையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறேன். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால், தொழிற்சாலையை விட்டு வெளியே போகிற தண்ணீருக்கும் புகைக்கும் குப்பைக்கும் நான் பொறுப்பு என்பேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

எங்கள் வளாகத்தில் தண்ணீர் போக இரண்டு வழிகள் உண்டு. பெயின்ட் அடிக்கிற இடத்துக் கழிவுநீர் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். மழைத் தண்ணீருக்கு மட்டும் காம்பவுண்டை ஒட்டி ஒரு திறந்த வாய்க்கால். அதன் கடைசியில் ஒரு இரும்பு ஷட்டர். சக்கரத்தைச் சுற்றினால் பலகை மேலே எழும்பும். அதைத் தாண்டினால் ஓடை, ஓடை முடிந்தால் ஊர்க் கண்மாய்.

மற்ற நாளில் அந்த வாய்க்காலில் இலைச் சருகுதான் கிடக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் சங்கடம். பண்டிகையன்று விடுமுறை என்பதால் கம்பெனியில் பூஜை முதல் நாள் மாலையே நடந்துவிடும். ஒவ்வொரு செக்‌ஷனும் போட்டி போட்டுக்கொண்டு மிஷினையும் தரையையும் டீசல் விட்டுத் தேய்த்து, ஹோஸைப் பிடித்து அடித்து, வாசல் வழியே வெளியே தள்ளும். அத்தனையும் மழை வாய்க்காலுக்குத்தான் போகும்.

போன வருடப் பூஜை முடிந்ததும் கண்மாய்க்கரை ஊரிலிருந்து சில பெண்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். ஒரு அக்கா துவைத்த வேட்டியை விரித்துக் காட்டினார். நடுவே எண்ணெய்த் திட்டு. அப்போது என் மேலதிகாரி பேசி அனுப்பிவிட்டார். நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்களுக்கு என் அம்மா வயது. அம்மாவும் நூறு நாள் வேலையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வெட்டுகிறவள்தான்.

இந்த வருடம் மேலதிகாரி வேறு ஊருக்கு மாறிவிட, பிரிவு என் கைக்கு வந்தது. நானே அந்த ஊருக்குப் போய், "இந்தத் தடவை எண்ணெய் வராதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அக்கா நம்பினதாகத் தெரியவில்லை. "பாப்போம்" என்றார்.

அசெம்பிளி ஃபோர்மேனை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நான் பாப்பா. எத்தனை முறை சொன்னாலும் பாப்பாதான்.

"டீசல் விடக் கூடாதுன்னா எப்படி பாப்பா? வருசம் பூரா சோறு போட்ட மிசினு. ஒருநா குளிப்பாட்ட வேணாமா?"

"குளிப்பாட்டுங்கண்ணே. குளிச்ச தண்ணிய ஊர்க் கண்மாய்ல விட வேணாங்கிறேன்."

பக்கத்திலிருந்த ஃபிட்டர் ஒருவர், "மேடம் வீட்ல பூசைக்கு அருவாமனையக் கழுவ மாட்டாக மாப்ள. டிஸ்யூ பேப்பர்ல ஒத்தி எடுத்து வச்சிருவாக" என்றார். லைன் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒப்பந்தமானது. டீசல் தொட்டால் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஹோஸில் வெறும் தண்ணீர். அன்று முழுக்க ஷட்டரை மூடிவைத்து, வாய்க்காலில் சேர்வதை மோட்டார் போட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இறைத்துவிடலாம். மேனேஜர் ஒன்றே ஒன்று சொன்னார்: "மழை வந்து அசெம்பிளி ஷாப்புக்குள்ள தண்ணி ஏறுச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

மதியம் வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறம் படர்ந்திருந்தது. டீசலை விடாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மாலைக்குள் வற்றிவிடும் என்று நினைத்தேன். அழகர்மலைப் பக்கம் வானம் கறுத்து, வாழைக்கன்று கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் வெட்டியதும் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

வாய்க்கால் மளமளவென்று நிறைந்தது. ஃபோர்மேன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"தொறந்து விடு பாப்பா! தண்ணி வாசலுக்கு வந்துருச்சு. சாமி படம் தரையில இருக்கு!"

"படத்த மேச மேல தூக்கி வைங்கண்ணே. முழுசாத் தொறக்க மாட்டேன்."

"படிச்ச திமிரு."

"ஆமாண்ணே. பனியன் வேஸ்டு மூட்டை இருந்தாக் குடுத்து விடுங்க."

சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் தொட்டியைத் தினமும் பார்க்கிறவள் நான். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீரை அடியிலிருந்து எடுப்போம். இந்த ஷட்டரும் அடியிலிருந்துதானே திறக்கிறது? சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினேன். பலகைக்குக் கீழே தண்ணீர் சீறிக்கொண்டு போனது; மேலே நிறம் அப்படியே நின்றது.

ஃபோர்மேன் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு ஷாப் பக்கம் திரும்பி, "மாப்ள, வேஸ்டு மூட்டையத் தூக்கிட்டு வாங்கடா! அந்தக் கயித்தையும் எடு!" என்று கத்தினார். நாலைந்து பேர் மூட்டைகளைக் கயிற்றில் கோர்த்து ஷட்டருக்கு முன்னால் வாய்க்காலின் குறுக்கே மிதக்கவிட்டார்கள். எண்ணெய் அதில் ஊறி ஒதுங்கியது. அருவாமனைக் கேலி செய்தவர்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்திருந்தார்.

சக்கரம் என் கையில். அதிகம் திறந்தால் பலகையருகே சுழி விழுந்து எண்ணெயைக் கீழே இழுக்கும். குறைவாகத் திறந்தால் தண்ணீர் ஷாப் வாசலில் ஏறும். சுழி விழுந்தால் இறக்குவேன், வாசலிலிருந்து கத்தினால் ஏற்றுவேன். மழை விடும்வரை அதுதான் வேலை. ஷாப்புக்குள் ஈரம் வாசற்படியோடு நின்றது.

அதன் பிறகு பூஜை நடந்தது. பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். ஃபோர்மேன் எனக்குக் கை நிறையச் சுண்டல் அள்ளிப் போட்டார். எல்லோரும் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் சந்தனம் வாங்கிக்கொண்டு வெளியே போய், ஷட்டர் சக்கரத்துக்கு நானே வைத்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னதும் ஒரே சிரிப்பு. மடையைத் திறந்து அடைக்கிற ஆளை எங்கள் ஊரில் நீர்பாய்ச்சி என்பார்கள். "நம்மூரு நீர்பாய்ச்சி எந்தக் காலேசுலடி படிச்சான்?" என்று கேட்டாள்.

மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். ஓடை சேருமிடத்தில் செம்மண் தண்ணீர் நுரைத்து வந்துகொண்டிருந்தது. கோரைப் புல் ஓரத்தில் மட்டும் தட்டு அளவுக்கு ஒரு வண்ண வளையம். எங்களுடையதாக இருக்கலாம். ரோட்டில் போகிற லாரிகள் சொட்டியதாகவும் இருக்கலாம். பரிசோதனைக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். ஆனால் வராது என்று சொன்னவள் நான். சுழி விழுந்தபோதெல்லாம் நான் சரியான நேரத்தில் இறக்கினேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

கரையில் அதே அக்கா நின்றிருந்தார். வளையத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துத் தண்ணீரில் முக்கி அலசிப் பிழிந்தார். உதறி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வேட்டியின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை எண்ணெய்த் திட்டைத் தேடினோம். செம்மண் நிறம் லேசாக ஏறியிருந்தது. திட்டு இல்லை.

அக்கா வேட்டியைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பார்த்தார்.

"சரி" என்றார். "வீட்டுக்குப் போயிச் சாமி கும்பிடு, போ."